மலேசியாவில் பிறந்தோர்: 164 பேர்

ஜனவரி 13, 2026. செவ்வாய்.

உறுதியானது: ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் தைவான் சங்கம் தன் முதியோருக்காக நடத்தும் பகல்நேர நிலையத்தின் பணம் மார்ச் 31இல் முடிகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அந்தப் பணத்தை மலேசியச் சங்கத்துக்குக் கொடுக்கப் பரிந்துரை. மூலம்: ஹார்லோ அறக்கட்டளை நேற்று மாலை அனுப்பிய கடிதம், இரண்டு பக்கம். பிரதி என் மேசையில் இருக்கிறது. வாக்கெடுப்பு பெப்ரவரி 20.

காரணமாகக் காட்டுவது ஓர் ஆய்வறிக்கை. ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் இரண்டு குடியேறிய சமூகங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் அறுபத்தைந்து வயதுக்கு மேல். தைவானில் பிறந்தோர் 171 பேர், மலேசியாவில் பிறந்தோர் 164 பேர். பட்டம் பெற்றவர்கள் தைவானில் 61 வீதம், மலேசியாவில் 27. சொந்த வீடு 82க்கு 49. வறுமைக்கோட்டுக்குக் கீழே 17க்கு 38. ஆகவே தைவானியர் வசதியானவர்கள், மலேசியர் நலிந்தவர்கள். பணத்தை மாற்றுங்கள்.

நாற்பத்தொரு ஆண்டாகச் செய்தி எழுதுகிறேன். இவ்வளவு சுத்தமாக ஒரு பக்கம் சாயும் அட்டவணையைக் கண்டால், சாய்த்தது யார் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் தமிழ் வார இதழுக்கு இதில் என்ன வேலை? மலேசியச் சங்கத்தின் செயலாளர் ஒரு தமிழ்ப் பெண், பெயர் தனலெட்சுமி. ஆசிரியர் இராஜரட்ணம் அண்ணைக்கு அது போதும். "எங்கட பொம்பிளை ஒண்டு வெள்ளைக்காரனிட்டைக் காசு எடுத்திருக்கிறா. முதல் பக்கத்திலை நல்ல படமாப் போடும், மாக்கஸ்."

படம் போடலாம். காசு எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம்.

ஜனவரி 15. வியாழன்.

மில்லிக்கன் போனேன். ஸ்ரீல்ஸ் வீதிக்குப் பக்கத்துப் பிளாசா. கீழே பல் வைத்தியர், மேலே நிலையம். செவ்வாயும் வியாழனும் மட்டும் நடக்கும். ஒரு வான் வீடு வீடாகப் போய் ஏற்றி வருகிறது. இன்று இருபத்திரண்டு பேர், நானே எண்ணினேன்.

லியாவ் என்பவர் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எண்பத்து மூன்று வயது. மனைவி ஷூ-ஃபென் நாலு வருடமாக ஞாபகம் இழந்துகொண்டு வருகிறார். முதலில் ஆங்கிலம் போயிற்றாம். பிறகு பள்ளிக்கூடத்தில் படித்த மாண்டரின் போயிற்று. மிஞ்சியது வீட்டில் பேசிய தைவான் மொழி மட்டும். அதில் அவரோடு பேச ஆட்கள் இருப்பது இந்த அறையில், வாரத்துக்கு இரண்டு நாள்.

"மற்ற ஐந்து நாளும்?"

"நான் பேசுகிறேன். ஐம்பத்தாறு வருடமாக நான்தான் பேசுகிறேன். அவளுக்கு அலுத்துவிட்டது." ஆங்கிலத்தில் சொன்னார், சிரிக்காமல் சொன்னார்.

நெஞ்சைத் தொடும் கதை. நெஞ்சைத் தொடும் கதையை யாராவது தேடி வந்து சொன்னால் நான் வீட்டைப் பார்க்கக் கேட்பது வழக்கம். கேட்டேன். "வாருங்கள்" என்றார்.

இரண்டு கார் நிறுத்தும் கராஜ் உள்ள வீடு. ஆகா, 82 வீதம் என்பது இதுதானா என்று நினைத்தேன். உள்ளே போனால் மூன்று அறைகளில் சூடாக்கியை நிறுத்திக் கதவை மூடியிருக்கிறார்கள். கதவடியில் துவாய் சுருட்டி வைத்திருக்கிறார்கள். குளிர் கோட்டோடுதான் தேத்தண்ணீர் குடித்தோம். அவர் தைவானில், கௌசியுங் நகரில் இரசாயனப் பொறியியலாளராக இருந்தவர். 1993இல் வந்தார். பட்டத்தை இங்கே யாரும் ஏற்கவில்லை. மார்க்கம் நகரில் மின்சாதனக் களஞ்சியம் ஒன்றில் பதினொரு வருடம் பெட்டி அடுக்கினார். கூட வந்த நண்பர்கள் மனைவி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுத் தாய்பேக்குத் திரும்பிப் போய் உழைத்து அனுப்பினார்கள். இவர் போகவில்லை. "அவர்கள் பணக்காரர். நான் கணவன்" என்றார்.

வீட்டை விற்கலாமே என்றேன்.

"குளியலறைக்கு வழி அவளுக்கு இந்த வீட்டில்தான் தெரியும்."

சரி. வீடு உண்மை, குளிரும் உண்மை. அட்டவணையில் குளிருக்குக் கட்டம் இல்லை.

ஜனவரி 17. சனி.

பனி. ஆய்வறிக்கையின் பின்னிணைப்பு 64 பக்கம். வாசிக்கிறேன்.

ஜனவரி 19. திங்கள்.

பக்கம் 51. மலேசியாவில் பிறந்தோரில் 41 வீதத்தினர் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லியிருக்கிறார்கள். தைவானில் பிறந்தோரில் 33.

இது எப்படி? அந்த வயது மலேசியர்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எனக்குத் தெரிந்த நாலு பேரும் என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசுவார்கள்.

பக்கம் 53. மலேசியாவில் பிறந்தோரில் 29 வீதம் அகதிகளாக வந்தவர்கள்.

மலேசியாவிலிருந்து அகதிகளா? 48 பேரா? எந்தப் போரிலிருந்து?

ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள். யாரோ ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் கொடுத்தவருக்குத்தான் பணம் போகிறது.

மனைவி பேர்ணடெற் சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது, "உங்களுக்கு ஆரையும் நம்பாத வருத்தம். அதுக்கும் டொக்டரிட்டைக் குளிசை இருக்கோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்றாள்.

ஜனவரி 21. புதன்.

தனலெட்சுமியோடு தொலைபேசியில், காலை 10.20. மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், ஓய்வுபெற்ற தாதி; பேச்சில் மலேசிய 'லா' வரும். ஆய்வுக்கு எத்தனை பெயர் கொடுத்தீர்கள் என்றேன். "நாங்க கொடுத்தது பதினெட்டு பேருங்க."

அப்படியென்றால் மீதி 146 பேர்?

"அது அவங்களக் கேளுங்க லா. நான் இப்ப கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன்." வைத்துவிட்டார்.

ஆய்வு நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது.

ஜனவரி 23. வெள்ளி.

செய்தி வெளியானது. மூன்றாம் பக்கம், நாலு பத்தி. படம் இல்லை. கடைசி வரி: "மீதி 146 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்குச் செயலாளர் பதில் தரவில்லை, அழைப்பு துண்டிக்கப்பட்டது."

ஒவ்வொரு சொல்லும் சரி.

ஜனவரி 25. ஞாயிறு.

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வர, எங்கள் பங்கைச் சேர்ந்த றொய்சன் கையைப் பிடித்தான். "மலேசியாக்காறியைப் பிடிச்சிட்டீங்கள் போலை, மாக்கஸ் அண்ணை?" நான் அப்படி எழுதவில்லை என்றேன். "விளங்குது, விளங்குது" என்று கண்ணடித்தான்.

நான் அப்படி எழுதவில்லை.

ஜனவரி 27. செவ்வாய்.

தனலெட்சுமி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சின்ன உருவம். குளிர்ச் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் சண்டை தொடங்கினார்.

"நீங்கதான் மாக்கசா? கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீர்கள்."

"அத ஏன் எழுதல?"

குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். 'கார் ஓட்டுகிறார்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. இராஜரட்ணம் அண்ணை எழும்பிக் கோப்பி போடப் போனார். அவர் கோப்பி போட்டதை நான் பத்து வருடத்தில் பார்த்ததில்லை.

தன் சங்கத்தின் பட்டியலை மேசையில் வைத்தார். 46 உறுப்பினர். ஏழு பேர் தமிழர். மிச்சம் பெரும்பாலும் சீனர், பினாங்கு, ஈப்போ, கிள்ளான். ஆசிரியர்கள், தாதிகள், இரண்டு கணக்காளர். எண்பதுகளில் வந்தவர்கள், ஆங்கிலத்தோடு வந்தவர்கள். இவருக்கு இங்கிலாந்துத் தாதிப் பயிற்சி இருந்ததால் இரண்டே மாதத்தில் இங்கே வேலை கிடைத்திருக்கிறது. லியாவின் பதினொரு வருடப் பெட்டிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

"எங்க ஆளுங்களுக்கு இன்டர்பிரட்டரா? டாக்டருக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாங்க. படிச்சப்ப நானே சிரிச்சேன் லா."

"சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள்?"

"பிள்ளைங்க எல்லாம் கல்கரி, அமெரிக்கான்னு போய்ட்டாங்க. கிழவன் கிழவிங்க தனியா கிடக்குறாங்க. ஒரு ரூம் வேணும்னு மூணு வருஷமா கேட்டேன், யாரும் கொடுக்கல. இப்ப ஏழைன்னு அவங்களே எழுதி, அவங்களே பணம் தர்றாங்க. நீங்களா இருந்தா வேணாம்னு சொல்லுவீங்களா?"

பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவர் எங்கும் பிரசுரிக்கவும் மாட்டார்.

இவர் பட்டியலைப் பொய்யாக்கவில்லை என்று நினைக்கிறேன். நினைப்பது ஆதாரம் அல்ல. ஆனால் இவர் இல்லையென்றால் வேறு யார்?

ஜனவரி 30. வெள்ளி.

ஆய்வில் தரவு சேகரித்த மாணவி நிரூபாவைக் கோப்பிக் கடையில் சந்தித்தேன். இங்கே பிறந்தவள், இருபத்து நாலு வயது, பெற்றோர் மட்டக்களப்பு. முதலில் பயந்தாள். பெயர்கள் தர முடியாது என்றாள். பெயர் வேண்டாம், எந்த இடத்தில் எத்தனை பேர் என்று மட்டும் சொல் என்றேன்.

"அங்கிள், எங்களுக்கு ஒரு கோட்டா. மினிமம் நூற்றைம்பது. அந்த அன்ரி பதினெட்டு பேர்தான் தந்தா. ஓன்லைனிலை ஒரு ஐம்பத்தஞ்சு. பிறகு ஸ்டக். சூப்பர்வைசர் சொன்னார், மலேசியன் ரமிழ்ஸ் இருப்பினம், ரமிழ் பிளேசஸ் போய்ப் பாருங்கோ எண்டு."

"எங்கே போனாய்?"

"சீனியர்ஸ் கிளப், சேர்ச் ஹோல், கோயில். ஸ்காபரோ, ரெக்ஸ்டேல், பிறம்ரன். நானும் மற்றப் பிள்ளையளும் போய் ஆராவது மலேசியாவிலை பிறந்தனீங்களோ எண்டு கேட்டம். ஓ மை கோட், அங்கிள், எவ்வளவு கை! இரண்டு வீக்கென்டிலை தொண்ணூற்றொண்டு பேர். பாஸ்போட் எல்லாம் காட்டினவை. ஐ வோஸ் ஸோ ஹாப்பி."

நான் கோப்பியைக் கீழே வைத்தேன்.

தொண்ணூற்றொரு பேர்! எழுபது, எண்பது வயதுக்காரர். யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் மலாயாவில் ரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்த காலத்தில் அங்கே பிறந்து, நாலு வயதிலோ ஆறு வயதிலோ ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, ஊரிலேயே வளர்ந்து, போர் தொடங்கிய பிறகு அகதியாக இங்கே வந்தவர்கள். மலேசியாவை ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர்கள். ஆனால் எங்கே பிறந்தாய் என்று கேட்டால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு 'மலாயா' என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பட்டம் மாதிரி.

"உனக்கு இது தெரியாதா?"

"அப்பா மட்டக்களப்பு, அங்கிள். எங்கட வீட்டிலை ஆரும் மலாயாக் கதை சொன்னதில்லை. பிறந்த இடம்தானே கேள்வி? அவை பொய் சொல்லேல்லையே?"

இல்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தச் செய்தியில் மோசமான பகுதி.

164இல் 91. அந்தத் தொண்ணூற்றொரு பேரை எடுத்துவிட்டால் வறுமை வீதம் எவ்வளவு? அந்த எண் என்னிடம் இல்லை. ஊகித்து எழுதமாட்டேன்.

ஜனவரி 31. சனி.

இதை எழுதாமல் விட முடியாது.

பேர்ணடெற்றிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் கிழடுகளின் பெருமையால் ஓர் அட்டவணையே கவிழ்ந்துவிட்டது என்று. நல்ல செய்தி கிடைத்த சந்தோசத்தில்தான் சொன்னேன் — மறைப்பானேன்.

அவள் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள்.

"நீங்களும்தானே நிரப்பினீங்கள்."

"எதை?"

"பங்குத் திருவிழாச் சாப்பாட்டிலை. ரப்லெற் கொம்பியூட்டரோடை ஒரு பிள்ளை வந்தது. சிரம்பானிலை பிறந்தது, அப்பா ஸ்ரேசனிலை கிளாக்கர், கப்பல்ல வந்தது — முழுக்கதையும் சொன்னீங்கள். பின்னுக்கு லைன் நிண்டது. பத்து டொலர் கோப்பிக் கடை அட்டை ஒண்டும் தந்ததுகள். அதிலைதான் எனக்கு டோனற் வாங்கித் தந்தனீங்கள். பெரிய தாராள மனசு மாதிரி."

போன செப்டம்பர் 14இல். ஓம். அந்தப் பிள்ளை நிரூபா இல்லை, வேறொரு பிள்ளை. பங்கு மண்டபத்தில் ஏதோ கோயில் கணக்கெடுப்பு என்று நினைத்தேன். ஒப்புதல் படிவம் இருந்தது. வாசித்தேனா? இல்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் படிவத்தை வாசிக்காமல் ஒப்பமிட்டார்கள் என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்.

அகதியாக வந்தீர்களா? ஓம், 1986. சொந்த வீடா? இல்லை, வாடகை. மொழிபெயர்ப்பாளர் தேவையா?

தேவை என்று அழுத்தினேன்.

ஏன்? நாற்பது வருடம் ஆங்கிலத்தில் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போனவன். ஏனென்றால் சங்கங்கள் எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தன. எந்தப் படிவம் வந்தாலும் தமிழ் வேண்டும் என்று போடுங்கோ, போடாவிட்டால் இருக்கிற தமிழ்ச் சேவையையும் நிப்பாட்டிப் போடுவாங்கள். நான் இதை ஆசிரியத் தலையங்கமாகவே எழுதியிருக்கிறேன். எத்தனை பேர் அதை வாசித்துவிட்டு அழுத்தினார்களோ!

41 வீதத்தில் நான் ஒருவன். 29 வீதத்திலும் நான் ஒருவன். சாய்த்தது யார் என்று பதினெட்டு நாளாகத் தேடுகிறேன்.

பெப்ரவரி 1. ஞாயிறு.

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

பெப்ரவரி 2. திங்கள்.

திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். முழு விபரத்தோடும், என் பெயரோடும்.

"உமக்கென்ன விசரே? மலேசியாக்காறர் பிரச்சினை, தைவான்காறர் பிரச்சினை. இதுக்குள்ளை எங்கட சனத்தை ஏன் இழுக்கிறீர்? நாளைக்கு எங்கட ஆக்கள் கள்ளப் படிவம் நிரப்பினதெண்டு இங்கிலிஷ் பேப்பரிலை வரும்."

"கள்ளம் இல்லை, அண்ணை. எங்கே பிறந்தோம் என்ற கேள்விக்குச் சரியான பதில் சொன்னோம். கேள்விதான் பிழை."

"நீர் நிரப்பினீர். உம்மடை பாடு. மற்ற ஆக்களை விடும்."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஏதோ ஒன்று தட்டியது.

"அண்ணை, நீங்கள் எங்கை பிறந்தனீங்கள்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"ஈப்போ."

"அட்டை தந்தவங்களோ?"

"சீனியர்ஸ் கிளப்பிலை. இன்னும் பாவிக்கேல்லை." பிறகு, "நாசம். போடும். இரண்டு பேரின்ரை பேரையும் போடும்" என்றார்.

பெப்ரவரி 6. வெள்ளி.

வெளியானது. முதல் பக்கம், கீழ்ப் பாதி. செயலாளர் அப்போது கார் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதும், அதை நான் விட்டுவிட்டேன் என்பதும் முதல் பத்தியில். 91 பேர் கதை இரண்டாம் பத்தியில். நிருபரும் ஆசிரியரும் அந்த 91 பேரில் அடக்கம் என்பது மூன்றாம் பத்தியில். நிரூபாவின் பெயர் இல்லை.

அலுவலகத்துக்கு இருபத்தாறு அழைப்பு. பதினாலு பேர் திட்டினார்கள். ஒன்பது பேர் தாங்கள் மலாயாவில் எந்த ஊரில் பிறந்தோம் என்று சொல்லத்தான் எடுத்தார்கள்.

பெப்ரவரி 20. வெள்ளி.

உறுதியானது: ஹார்லோ அறக்கட்டளை வாக்கெடுப்பை நடத்தவில்லை. மறுகணக்கு முடியும்வரை இரண்டு தரப்புக்கும் பணம் இல்லை. மூலம்: கூட்டத்தில் நான் இருந்தேன்.

இரண்டு தரப்புக்கும். மலேசியச் சங்கத்துக்கு வரவிருந்தது நின்றுவிட்டது. ஆனால் மார்ச் 31இல் முடிகிற தைவான் பணம் முடியத்தான் போகிறது.

லியாவ் பின் வரிசையில் இருந்தார். வெளியே வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டபடி, "நீங்கள் உண்மையை எழுதினீர்கள். முன்பு ஒரு சங்கத்துக்கு இல்லை. இப்போது யாருக்கும் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். பட்டப்படிப்புப் படித்தவர், சரியாகத்தான் சொல்கிறார்.

ஷூ-ஃபென்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். திரும்பிப் போவதற்குப் பஸ்ஸுக்கு நின்றார். ஏற்றிக்கொண்டு போய் விட்டேன்.

பெப்ரவரி 26. வியாழன்.

தனலெட்சுமி போன் எடுத்தார். "எனக்குக் கிடைக்க இருந்த காசுல நடக்குற அந்த ரூமை நான் இன்னும் பாக்கவே இல்லைங்க. காட்டுங்க." என்ன நோக்கம்? அங்கே போய் ஏதாவது பேரம் பேசப் போகிறாரா? நானும் போனேன்; கண்ணால் பார்க்க வேண்டும்.

மேலே சத்தம். ஷூ-ஃபென் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்று அழுதுகொண்டிருக்கிறார். லியாவ் கையைப் பிடிக்கத் தட்டிவிடுகிறார். தனலெட்சுமி சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அவரிடம் போய் ஏதோ சொன்னார். எனக்கு விளங்காத மொழி. ஷூ-ஃபென் அழுகையை நிறுத்திவிட்டு இந்தக் கறுத்த, பொட்டு வைத்த பெண்ணைப் பார்த்தார். பதில் சொன்னார். இவர் திரும்பச் சொன்னார். இரண்டு பேரும் நாற்காலிக்குப் போனார்கள்.

லியாவின் வாய் திறந்தபடி இருந்தது. "இவருக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்கிறார். என்னிடம் போய்!

"ஹொக்கியன் லா, எங்க ஊர்ச் சீனருங்க பாஷை" என்றார் தனலெட்சுமி. "கிள்ளான் மார்க்கெட்ல மீன் வாங்கணும்னா இதுதான். எங்க வார்டுல பாதிப் பேரு இதுதான் பேசுவாங்க. இவங்க தைவான் மொழிங்கறதும் அதுதான், கொஞ்சம் இழுத்துப் பேசுறாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். இல்லையாம். இவரு பட்டினி போடுறாராம்."

"எட்டு மணிக்குச் சாப்பிட்டாள்" என்றார் லியாவ். "இரண்டு முட்டை."

தன் சங்கத்தில் இதைப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பினாங்கு ஆட்கள், கிள்ளான் ஆட்கள் — முப்பதுக்கு மேல்.

இரண்டு சமூகங்கள் என்று 64 பக்கம் ஒப்பிட்டவர்கள், மொழிக்கான கேள்வியில் 'ஆங்கிலம்' 'பிற' என்று இரண்டே கட்டம் வைத்திருக்கிறார்கள். பக்கம் 12.

தன் ஆட்களையும் இந்த அறைக்கே கூட்டிவரப் போகிறாராம் தனலெட்சுமி. இவ்வளவு நன்றாகப் பொருந்துவதைக் கண்டால் எனக்குப் பயம். ஒரு நாள் நல்லாகப் போகலாம். இரண்டாவது நாள் அறை யாருக்கு என்று சண்டை வரும்.

மார்ச் 12. வியாழன்.

வந்தது. எந்த நாளில் யார், சமையலறைச் சாவி யாரிடம் என்று சண்டை. நாற்பது நிமிடம். சீனத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிந்தது. சாவி இரண்டு செய்கிறார்கள்.

மார்ச் 31. செவ்வாய்.

வான் கடைசி நாள். ஓட்டுநர் எல்லாருக்கும் கை கொடுத்தார். ஷூ-ஃபென் நாளைக்கு வருவாயா என்று கேட்டாராம். லியாவ் மொழிபெயர்க்கவில்லை; தனலெட்சுமிதான் எனக்குச் சொன்னார்.

ஜூன் வரைக்கும் அறை வாடகையை இரண்டு சங்கமும் கைக்காசில் கட்டுகின்றன. வானுக்குக் காசு இல்லை. கார் உள்ளவர்கள் ஏற்றுகிறார்கள். லியாவ் கண் காரணமாக ஓட்டுவதில்லை. பட்டியலில் அவர்கள் வீட்டுக்கு நேரே ஓட்டுபவர் பெயர் இல்லாமல் இருந்தது.

ஆசிரியரிடம் போய், இந்தச் செய்தியை இனி என்னால் எழுத முடியாது என்றேன். ஆய்வில் பதில் சொன்னவன் என்று மட்டுமல்ல, இனி ஒரு தரப்புக்குக் கார் ஓட்டுபவன் என்றும். அவர் எங்கள் இளம் நிருபர் தக்ஷிகாவுக்குக் கொடுத்தார். அவள் உடனே குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அங்கிள், ஜனவரி இருபத்தொண்டிலிருந்து தொடங்குவமா? அந்த போன் கோல்."

நல்லாய் வருவாள்.

ஏப்ரல் 14. செவ்வாய்.

உறுதியானது: இன்று நிலையத்துக்கு வந்தவர்கள் 39 பேர். மூலம்: எண்ணினேன், பழக்கதோஷம்.

9.15க்கு லியாவ் வீடு. தனலெட்சுமியை முதலே ஏற்றியிருந்தேன். அவர் பின் சீற்றில் ஷூ-ஃபென்னோடு, லியாவ் முன்னால் என்னோடு. ஷூ-ஃபென் காரில் ஏற மறுக்கவில்லை. மூடியிருந்த அறைகளில் ஒன்றை லியாவ் திறந்திருக்கிறாராம், வெயில் வருகிறது என்று சொன்னார்.

ஸ்ரீல்ஸில் வீதி வேலை. நின்று நின்று போனோம். பின்னால் இரண்டு பேரும் ஓயாத பேச்சு. ஷூ-ஃபென் ஏதோ சொல்ல, தனலெட்சுமி விழுந்து விழுந்து சிரிக்கிறார். லியாவும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிக்கிறார். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரும் என் பின்தலையையே பார்க்கிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தேகம். சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுவது கூடாது. கேட்டேன்.

"உங்களப் பத்திதான் லா" என்றார் தனலெட்சுமி. "ட்ரைவருக்குச் சிரிக்கத் தெரியாதான்னு கேக்குறாங்க."

நிலுவை: மறுகணக்கு. இரண்டு சங்கங்களும் சேர்ந்து அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில். இரண்டும் ஜூன் 12, வெள்ளி என்கிறார்கள். தக்ஷிகா எழுதுவாள், நான் மற்றவர்களைப் போலப் பத்திரிகையில்தான் வாசிப்பேன்.

வியாழன், 9.15.